ஓடையில் விட்ட கம்பளிச் சட்டை

வங்காளதேசத்துக்காக நடந்த யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தை மாதம், பொங்கல் கழிந்த நாலாம் நாள். கொல்லிமலையில், தேவனூர் நாடு என்று சொல்லுகிற ஊர்க் கூட்டத்தில், எங்கள் ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ஓடை இருக்கிறது. அந்த ஓடையில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். இப்போது எழுபதைத் தாண்டிச் சில வருஷங்கள் ஆகின்றன. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எழுத்துக் கூட்டி எழுதப் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன். ஏன் கற்றுக்கொண்டேன் என்பதும் இதிலேயே வரும். மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

கொஞ்ச நாள் முன்பு டிவியில் ஒன்று காட்டினார்கள். எங்கோ ஒரு தேசத்தில் நடக்கிற சண்டையில் பிடிபட்டவர்களை இரண்டு பக்கத்தாரும் மாற்றிக்கொண்டார்கள். மொட்டைத் தலையோடு பையன்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். ரோட்டோரம் ஒரு அம்மா போட்டோவைத் தூக்கிப் பிடித்தபடி, இறங்குகிற ஒவ்வொருவனிடமும் போய்க் காட்டினாள். அவன் பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டுவான். அடுத்தவனிடம் போவாள். அவள் பேசிய பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு ஓடைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். மிளகு மூட்டையோடு சேலத்துக்குப் போனவர், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்றுவிட்டார். மூட்டையைத் தன்னோடு வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு மார்பளவு கொடுத்துவிட்டு வந்தார். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது இரண்டு லீவுதான். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

யுத்தம் நின்ற பிறகு ஒரு தந்தி வந்தது. மேற்கு எல்லையில் ஆளைக் காணவில்லை, இறந்திருக்கலாம் என்று அதில் இருந்தது. படித்துச் சொன்னவர் ஒரே மூச்சில்தான் படித்தார். ஆனால் நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன், மற்றவர்கள் எல்லோரும் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். பங்குனியில் காரியம் செய்துவிடலாம் என்று ஊரில் முடிவானது. எங்கள் பக்கத்தில் புருஷனை இழந்தவள் தாலியைக் கழற்றிவிட்டு இன்னொருவரைக் கட்டிக்கொள்ளலாம். அதில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவருடைய தம்பிக்கே என்னைக் கட்டிவைத்துவிட்டால் நிலமும் பிரியாது, நானும் அந்த வீட்டிலேயே இருப்பேன் என்று மாமியார் நினைத்தார். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். கொழுந்தனாரும் தங்கமான பிள்ளை. ஆனால் செத்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரென்று கேட்டேன். பதில் வரும்வரை தாலியில் கை வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

காரியத்தன்று விடிந்ததும் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு பலாமரத்தில் ஏறிவிட்டேன். அந்த மரத்தில் மிளகுக் கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. எங்கள் ஊரில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவுக்குக் கணு கிளையைக் கொஞ்சம் விட்டு வெட்டியிருப்பார்கள், கால் விரலை அதில் ஊன்றி ஏற வேண்டும். நான்கு பெண்கள் என்னை இறக்க வந்தார்கள். எவள் மூங்கிலில் கால் வைத்தாலும் மேலிருந்து உதைப்பேன் என்றேன். அதற்கு மேல் யாரும் ஏறவில்லை. மாமியாரே வந்து நின்றார்.

"எறங்கி வாடி. ஊரே காத்துக் கெடக்குது."

"கொத்து பழுத்துப் போச்சு அத்தை. இன்னிக்குப் பறிக்கலீன்னா குருவி தின்னுபோடும்."

"புருசன் காரியத்தன்னிக்கு மொளகு பறிக்கற பொம்பளைய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்று அவர் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

"காரியம் உங்க மவனுக்குத்தானுங்களே. என்ற புருசனுக்கு இல்லீங்க."

கீழே நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மாமியார் சேலையை உதறிக்கொண்டு போய்விட்டார். நான் இல்லாமலே காரியத்தை முடித்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு இறங்கினேன். கால் விரலில் ரத்தம் கட்டி நான்கு நாள் நடக்க முடியவில்லை. கழுத்தில் தாலி இருந்தது.

அதற்குப் பிறகு என்னை நல்லதுக்கும் கூப்பிடவில்லை, கெட்டதுக்கும் கூப்பிடவில்லை. சுமங்கலிகளோடும் சேர்க்கவில்லை, மற்றவர்களோடும் சேர்க்கவில்லை. காட்டு வேலை முடிந்தால் மேட்டில் போய் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து ஏறி வருகிற ஒற்றையடிப் பாதை தெரியும். எங்கள் ஆட்கள் தலையில் சுமை இல்லாமல் மலை ஏற மாட்டார்கள். கீழே போனால் உப்போ துணியோ ஏதாவது ஒன்று தலையில் இருக்கும். சுமை இல்லாமல் ஒரு ஆள் வந்தால் அது வெளியாள், இல்லாவிட்டால் பட்டாளத்தான். வெறுந்தலையாய் யாராவது வளைவில் தெரிந்தால் பாதையில் நாலடி இறங்கிப் போய் நிற்பேன். பக்கத்தில் வந்த பிறகு பார்த்தால் நிலம் அளக்க வந்த ஆபீஸ்காரராக இருப்பார், இல்லாவிட்டால் பலாக்காய் வியாபாரியாக இருப்பார். ராகி விதைத்து, களை எடுத்து, கதிர் வரும்வரை இப்படித்தான் போனது. அவர் முகம் மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கும். ஒவ்வொரு நாளும் மூக்கு, காது, நெற்றியில் இருந்த தழும்பு என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

ஆவணியில் தபால்காரர் களத்துக்கே வந்தார். கையில் ஒரு அட்டை. மூலையில் சிவப்பாகக் கூட்டல் குறி போட்டிருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டி வந்து படிக்கச் சொன்னோம். நான் கைதியாக இருக்கிறேன், உயிரோடு இருக்கிறேன், கால் ஆறி வருகிறது, வீட்டில் சொல்லுங்கள் என்று நான்கு வரி. அடியில் மட்டும் தமிழில் ஒரு கையெழுத்து.

"அவனுக்கு ஏது இங்கிலீஷு? எவனோ எழுதியிருக்கறான்" என்று ஒருவர் சொன்னார்.

எனக்கு அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டில் சாமை கொட்டி வைக்கிற குதிரில் அவர் கரியால் தன் பெயரை எழுதி வைத்திருந்தார். அட்டையைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து மேலே கொண்டுபோவார். இரண்டிலும் ஒரே வால். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குதிரில் இருந்த அந்தப் பெயரைத் தடவிக்கொண்டே, "அன்னிக்கு நீ எறங்கி வந்திருந்தீன்னா என்னாயிருக்கும்" என்றார். மன்னிப்பு என்று அவர் வாயால் வந்தது அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

கைதிகளை எல்லையில் மாற்றிக்கொள்கிறார்கள் என்று கார்த்திகையில் ரேடியோவில் சொன்னார்கள். தை பிறந்ததும் அவர் வருகிற நாள் எழுதிய காகிதம் வந்தது.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காரியம் செய்துவிட்ட ஒரு ஆள் உயிரோடு திரும்பி வந்தால், நேராக வீட்டுக்குள் வரக்கூடாது. ஊர் எல்லை ஓடையில் மூன்று முறை முழுக வேண்டும். உடம்பில் இருக்கிற துணி முழுவதையும் தண்ணீரோடு விட்டுவிட வேண்டும். புது வேட்டி கட்டிக்கொண்டு, மறுபடி பிறந்து வருகிற மாதிரி வர வேண்டும். பழைய துணியில் ஒரு நூலாவது கூட வந்தால் சாவும் கூடவே வரும் என்பார்கள்.

காரியத்தையே ஒப்புக்கொள்ளாதவள் நான். இந்த வழக்கத்தையும் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். ஆனால் இதில் நான்தான் எல்லோரையும் விடக் கறாராக இருந்தேன். என் புருஷனைச் செத்தவன் என்று சொன்ன ஊர் முழுக்கக் கூடி நின்று பார்க்க, ஒரு குறையும் இல்லாமல் அவரை உள்ளே அழைத்துப் போக வேண்டும். நாளைக்கு யார் வீட்டு மாடு செத்தாலும் எவரும் எங்கள் வீட்டைக் கை காட்டக் கூடாது. அதற்காகவே ஆவணியிலிருந்து ஒரு கரை வேட்டியை மடித்து வைத்திருந்தேன். வேட்டியைத் தொட்டுப் பார்க்காத நாள் இல்லை.

அவர் செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். தலையில் சுமை இல்லை. ஒரு காலை இழுத்து வைத்தார். கன்னம் ஒட்டி, முன்பல் ஒன்று போயிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். நான் ஒரு வருஷம் மனப்பாடமாக வைத்திருந்த முகம் அது இல்லை. நெற்றித் தழும்பு மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கொழுந்தனார்தான் முதலில் பேசினார். "ஏனுங்கண்ணா, பல்ல எல்லைலயே வுட்டுட்டு வந்துட்டீங்களாட்டம் இருக்குதே?"

"ஆமாண்டா. திருப்பி அனுப்பறமின்னாங்க. நாந்தேன் அங்கயே கெடக்கட்டும்னுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரித்துக்கொண்டே அழுதார்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்துச் சட்டையைக் கழற்றி ஓடையில் விட்டார். உள்ளே கம்பளி நூலில் பின்னிய ஒரு கையில்லாத சட்டை போட்டிருந்தார். மண் நிறம். ஓரத்தில் பச்சைக் கோடு. கடையில் வாங்கினது மாதிரி இல்லை, வீட்டில் யாரோ உட்கார்ந்து பின்னியது. அதைக் கழற்றி ஓடையில் விடாமல் ஒரு பாறை மேல் மடித்து வைத்தார்.

"அதையும் வுடுங்க" என்றேன்.

"இது மட்டும் இருக்கட்டும் புள்ள. அப்புறமாச் சொல்றேன்."

பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து, "எதிரி நாட்டுத் துணியாட்டம் இருக்குது. அத ஊட்டுக்குள்ள கொண்டாந்தா வெளங்குமா?" என்றார். இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அத்தனை பேர் முன்னால் என் வீட்டுக்காரர் என்னத்தைச் சொல்வார். என்னை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு மடுவில் இறங்கினார்.

அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஒரு வருஷம் ஊரோடு மல்லுக்கட்டினேன், கடைசியில் ஒரு பழைய சட்டையால் பேச்சு வாங்குவதா என்றுதான் தோன்றியது. அவர் இரண்டாம் முறை முழுகியபோது நான் பாறைப் பக்கம் போனேன். சட்டையை எடுத்தேன். கனமாக, கதகதப்பாக இருந்தது, அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது. எல்லோரும் பார்க்கும்படி கையை நீட்டித் தண்ணீரில் விட்டேன்.

மூன்றாம் முறை முழுகி எழுந்தவர் பாறையைப் பார்த்தார். பிறகு ஓடையைப் பார்த்தார். கம்பளி தண்ணீர் குடித்து அமிழ்ந்து, வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. இடுப்புத் துணியோடு ஓடினார். கால் வழுக்கிக் கல்லில் விழுந்தார். எழுந்து மறுபடி ஓடினார்.

"பட்டாளத்தான் துணிக்கு ஓடறதப் பாரு. பாகிஸ்தான்காரன் இந்த ஓட்டத்தப் பாத்திருந்தா புடிச்சிருக்க மாட்டான்" என்று யாரோ சொன்னார்கள்.

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். இதை எழுதும்போது என் கை நின்று நின்றுதான் நகர்கிறது. நானும் சிரித்தேன்.

முழங்காலில் ரத்தத்தோடு வெறுங்கையாய்த் திரும்பி வந்தார். புது வேட்டியைக் கட்டிக்கொண்டார். ஆரத்தி எடுத்தோம். உள்ளே வந்து சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டார். எல்லோரும் போன பிறகு, மத்தியான வெயில் வாசலில் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், என்னை உட்காரச் சொல்லி அந்தச் சட்டையைப் பற்றிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிடிபட்ட முதல் பத்து நாள் அடித்தார்கள். பல் போனது அப்போதுதான். பிறகு ஒரு டாக்டர் காலைப் பார்த்து, வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்தார். அடித்தவனும் அந்த நாட்டுக்காரன்தான், காலைக் காப்பாற்றியவரும் அந்த நாட்டுக்காரர்தான் என்றார். அதற்கப்புறம் முள்வேலி போட்ட முகாமில் வைத்திருந்தார்கள். அங்கே காவலுக்கு ஒருவர் வருவார், நாற்பது வயதுக்காரர். யாரோடும் பேச மாட்டார். இவருக்குக் குளிர் ஜுரம் வந்து நடுங்கிக் கிடந்த ஒரு நாள், அந்தக் காவல்காரர் துணி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து பிரித்திருக்கிறார். உள்ளே இந்தக் கம்பளிச் சட்டை.

அது அவருடைய தம்பிக்காக அவர்கள் அம்மா பின்னியது. தம்பியும் பட்டாளத்தான். கிழக்கே வங்காளத்துக்குப் போயிருந்தான், அங்கே குளிர் இல்லை, திரும்பி வந்து போட்டுக்கொள்ளட்டும் என்று அம்மா பெட்டியில் வைத்திருந்தார். யுத்தத்தில் அவன் எங்கள் பக்கம் கைதியாகப் பிடிபட்டான் என்று சிலர் சொன்னார்கள், செத்துவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். ஒரு கடிதமும் வரவில்லை.

"எந்தம்பி உங்கூர்ல எங்கியோ இருக்கறான்னு நெனச்சுக்கறேன். அவனுக்கும் யாராச்சும் ஒரு போர்வை குடுத்திருப்பாங்கன்னு நெனச்சுத்தான் இத உனக்குத் தாரேன்னு சொன்னாரு புள்ள" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர்கள் பேசியது, இவர் பட்டாளத்தில் கற்றுக்கொண்ட இந்தி. எனக்கு அவர் எங்கள் பேச்சில்தான் சொன்னார், அதனால் அந்தக் காவல்காரர் என் மனதில் எங்கள் ஊர்க்காரர் மாதிரியே பேசுவார்.

அதோடு நிற்கவில்லை. இவர் தமிழில் எழுதிப் போட்ட அட்டை ஒன்றும் வீடு வரவில்லை. எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து அனுப்ப அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இல்லாததால் எல்லாம் தேங்கிக் கிடந்திருக்கின்றன. அந்தக் காவல்காரர்தான் ஆபீஸில் யாரிடமோ கெஞ்சி இங்கிலீஷில் நான்கு வரி எழுத வைத்து, கையெழுத்தை மட்டும் இவரைப் போடச் சொல்லி, தபால் பையில் சேர்த்திருக்கிறார். எனக்கு வந்த அட்டை அவர் அனுப்பியது.

விடுதலைக்கு முந்தின நாள் அவர் ஊசியும் நூலும் கொண்டுவந்தார். ஒரு சீட்டில் தம்பியின் பெயர், பட்டாளத்து நம்பர், அம்மா இருக்கும் வீட்டு விலாசம் எல்லாம் எழுதி, சின்னதாக மடித்து, கம்பளிச் சட்டையின் கீழ் ஓரத்தில், பச்சைக் கோட்டுக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். உங்கள் சர்க்காரில் கேட்டுப் பார், ஆள் இருந்தாலும் எங்கள் அம்மாவுக்கு ஒரு வரி எழுது, இல்லாவிட்டாலும் எழுது என்றாராம். இரண்டு பக்கத்து எல்லையிலும் சோதனை போடுவார்கள், எழுத்து இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால்தான் அந்தத் தையல்.

மாற்றிக்கொண்ட அன்றைக்கு இவர்கள் இந்தப் பக்கம் நடந்து வர, அவர்கள் ஆட்கள் அந்தப் பக்கம் நடந்து போனார்கள். பாதி வழியில் ஒருவரை ஒருவர் தாண்டியபோது, எதிரே வந்த ஒவ்வொரு முகத்திலும் அந்தக் காவல்காரரின் ஜாடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாராம். ஊர் வந்து சேர்ந்து, அந்த எழுத்துத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, வாத்தியாரை வைத்து எழுதலாம் என்று அதுவரை தையலைப் பிரிக்கவில்லை.

"அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

"அவிய எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது புள்ள. தம்பி பேரு மட்டும் வாயால சொன்னாரு. அந்தப் பேருல ஆயிரம் பேரு இருப்பாங்க. அவரு பேரே எனக்குத் தெரியாது. பாய்னுதான் கூப்புடுவேன்."

நான் எழுந்து ஓடைக்கு ஓடினேன். பின்னாலேயே அவரும், கொழுந்தனாரும் வந்தார்கள். அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் ஓடையோடே போனோம். வேர் வேராக, பாறை பாறையாகக் கையை விட்டுத் துழாவினோம். எங்கள் ஓடை கீழே போய்ப் பெரிய ஆற்றில் சேர்ந்து, அருவியாக விழுந்து மலையை விட்டு இறங்கிவிடும். அருவி விழுகிற விளிம்பு வரைக்கும் போனோம். அவருடைய பட்டாளத்துச் சட்டை ஒரு மூங்கில் புதரில் மாட்டிக்கொண்டு கிடைத்தது. கம்பளிச் சட்டை கிடைக்கவில்லை.

அவர் சேலத்துக்குப் போய்ப் பட்டாளத்து ஆபீஸ் ஒன்றில் கேட்டார். அங்கிருந்த அதிகாரி உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நம்பர் இல்லாமல் வெறும் பெயரை வைத்துக்கொண்டு எந்த முகாமில் தேடுவது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இருந்தாலும் இவர் விடாமல் வாத்தியாரை வைத்து மூன்று மனு எழுதினார். பதில் இல்லை. அதற்குப் பிறகு இங்கே இருந்த அவர்கள் நாட்டுக் கைதிகளையும் ரயில் ரயிலாகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது. இவர் செம்மேட்டு டீக்கடையில் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பெயர்களையெல்லாம் ரேடியோவில் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

"போனவங்கள்ல அவனும் இருப்பான், இல்லியா புள்ள?"

"இருப்பானுங்க. கண்டிப்பா இருப்பானுங்க."

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அவன் இருந்திருந்தால் சரி. இல்லாமல் போயிருந்தால் அந்த அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சொல்லாவிட்டால் அவரும் ஒரு மேட்டில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்? எனக்கு ஒரு அட்டை வந்தது, அதனால் நான் மேட்டைவிட்டு இறங்கினேன். அட்டை அனுப்பியவரின் வீட்டுக்குப் போக வேண்டிய அந்த ஒரு வரியை என் கையால்தான் தண்ணீரில் விட்டேன்.

என் மகள் பள்ளிக்கூடம் போனபோது அவளோடு உட்கார்ந்து சிலேட்டில் எழுதக் கற்றுக்கொண்டேன். எதையும் படித்துப் பார்க்காமல் இனிக் கையை விட்டு விடக்கூடாது என்று ஒரு வைராக்கியம். அந்தச் சீட்டைப் பிரித்திருந்தாலும் அது வேற்று எழுத்து, எனக்குப் புரிந்திருக்காது. அது தெரிந்தும் கற்றுக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அந்தச் சட்டையைச் சொல்லிக் காட்டியதில்லை. எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். மரவள்ளிக்கு, மாட்டுக்கு, மகள் கல்யாணத்துக்கு என்று நாள் கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். எந்தச் சண்டையிலும் அதை எடுத்ததில்லை. குளிர் நாளில் மட்டும் நெஞ்சைக் கையால் தடவிக்கொண்டே இருப்பார். மகள் இரண்டு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாள். மடித்து வைத்துவிட்டார்.

நான்கு வருஷத்துக்கு முந்தின மார்கழியில் படுத்தார். கடைசி ஒரு வாரம் நினைவு முன்னும் பின்னுமாகப் போய்வந்தது. ஒரு நாள் காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தெளிவாகப் பார்த்துக் கேட்டார்.

"குளுருது புள்ள. அந்தக் கம்பளிச் சட்டைய எங்க வெச்ச?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "தொவச்சுப் போட்டிருக்குதுங்க. காயட்டும்" என்றேன்.

"காஞ்சதும் ஓரத்தப் பிரிச்சுப்போடாத. நானே பிரிக்கறேன்."

"சரிங்க."

"மறந்துறாத."

"மறக்க மாட்டனுங்க."

திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாளில் போய்விட்டார். இந்த முறை காரியத்துக்கு நான் மரத்தில் ஏறவில்லை. ஏற முடிந்திருந்தால் ஏறியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. சிவப்புக் கூட்டல் குறி மங்கிவிட்டது, வால் சுழித்த கையெழுத்து மங்கவில்லை. அதைப் பார்த்தால் அவர் ஞாபகம் வரும். கூடவே பெயர் தெரியாத அந்தக் காவல்காரர் ஞாபகமும், முகம் தெரியாத அவருடைய அம்மா ஞாபகமும் வரும். அந்த அம்மா இப்போது இருக்க வழியில்லை. காவல்காரரும் இருக்க மாட்டார். இருந்தும் ஒரு வரி எழுத வேண்டும் போலவே இருக்கிறது: உங்கள் மகன் தைத்த தையல் கெட்டியாகத்தான் இருந்தது அம்மா, தப்பு என்னுடையது.

இப்போதும் ஓடைக்குப் போனால் கல்லிலோ வேரிலோ ஏதாவது துணி சிக்கியிருக்கும், யாராவது துவைக்க வந்து தவறவிட்டதாக இருக்கும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய் அதை எடுத்து, பிழிந்து, அதன் ஓரத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது என்று தெரியும். ஆனாலும் எனக்காக முன்பின் தெரியாத ஒருவர் செய்ததை நான் இன்னும் அவருக்குத் திருப்பிச் செய்யவில்லை என்ற நினைப்பு இருக்கும்வரை, தடவிப் பார்க்காமல் கரையேறி வர என்னால் முடியாது.